பாட்டு போதாதா, பாட்காஸ்ட்டும் வேணுமா? சுயாதீன இசைக்கலைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு சின்ன அறையில் ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் செய்து கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழில் சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தக் காசில் வெளியிடுகிறவர்கள். பகலில் ஐ.டி. வேலை, ராத்திரியில் கிடார் என்று ஓடுகிறவர்கள், கச்சேரி பாடுகிறவர்கள், பறை வாசிக்கிறவர்கள் எல்லாரும் உண்டு. வேலை முடிந்து காபி குடிக்கும்போது பாட்காஸ்ட் பேச்சு எப்படியும் வந்துவிடும். கேள்விகளும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

பாட்காஸ்ட்னா யூடியூப்ல ரெண்டு பேரு எதிரெதிரா மைக் வெச்சுப் பேசுறதுதானே?

அதுவும் ஒரு வகை. அடிப்படையில் பாட்காஸ்ட் என்பது தொடராக வரும் ஒலி நிகழ்ச்சி. நீங்கள் எபிசோடை ஒரு ஹோஸ்டிங் தளத்தில் ஏற்றுகிறீர்கள். அந்தத் தளம் உங்கள் நிகழ்ச்சிக்கென்று ஆர்எஸ்எஸ் ஃபீட் ஒன்றை உருவாக்கித் தரும் (அதே பெயருள்ள அமைப்பு இல்லை, தொழில்நுட்பம், இதை விளக்காமல் யாரும் அடுத்த கேள்விக்குப் போனதில்லை). ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் அந்த ஃபீடை ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு எபிசோடும் அங்கெல்லாம் தானாகப் போய்ச் சேரும்.

காசு கொடுக்காமல் ஆரம்பிக்க ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் இருக்கிறது. முன்பு ஆங்கர் என்ற பெயரில் இருந்ததுதான். பழைய வழிகாட்டிகளில் கூகுள் பாட்காஸ்ட்ஸில் பதியச் சொல்லியிருப்பார்கள். அது 2024ல் மூடப்பட்டுவிட்டது, தேட வேண்டாம்.

ஸ்பாட்டிஃபைல பாட்டு இருக்கு, இன்ஸ்டால ரீல்ஸ் போடுறேன். இது வேற எதுக்கு?

ரீல்ஸைப் பார்க்கிறவர் அடுத்த ஐந்து நொடியில் வேறொருவருடைய சமையல் வீடியோவுக்குப் போய்விடுகிறார். ஸ்ட்ரீமிங்கில் பிளேலிஸ்ட்டுக்கு நடுவே உங்கள் பாட்டைக் கேட்பவருக்குப் பல நேரம் உங்கள் பெயர்கூடத் தெரியாது. வருமானமும் சொல்லிக்கொள்கிறபடி இல்லை. 2024லிருந்து, 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவு ராயல்டியே தருவதில்லை.

பாட்காஸ்ட்டால் கூட்டம் வந்து குவியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய ஆட்களைக் கொண்டுவர ரீல்ஸும் மேடையும்தான் வேண்டும். ஆனால் ஒருமுறை கேட்டுவிட்டு 'நல்லா இருக்கே' என்று நினைத்தவரைத் தக்கவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டவர் இருபது நிமிடம் உங்கள் குரலோடு இருக்கிறார். நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள், எங்கே திணறினீர்கள் என்று தெரிந்துகொள்கிறார். அடுத்த பாட்டு வரும்போது அவர் தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்கு வருகிற ஆளாகத்தான் வருவார்.

என்னத்தப் பேசுறது? எனக்குப் பாட மட்டும்தான் தெரியும்.

ஒரு எபிசோடுக்கு ஒரு பாட்டு. அந்தப் பாட்டு எப்படி உருவானது என்பது மட்டும் போதும். இந்த முறையில் பெயர் பெற்ற நிகழ்ச்சி, இசைக்கலைஞர் ரிஷிகேஷ் ஹிர்வே 2014ல் அமெரிக்காவில் தொடங்கிய 'சாங் எக்ஸ்ப்ளோடர்'. பாட்டைத் தனித்தனி டிராக்குகளாகப் பிரித்துப் போட்டு, உருவாக்கியவரையே பேச வைத்துவிட்டு, கடைசியில் முழுப் பாட்டையும் ஒலிக்கவிடுவார். அவர் மற்றவர்களை அழைக்கிறார்; நீங்கள் உங்கள் பாட்டையே பிரித்துக் காட்டலாம்.

இங்கே பதிவு செய்த ஒரு பாடகி தன் பாட்டின் பல்லவியை முதலில் மோகன ராகத்தில் போட்டிருந்தார். பாட்டோ அப்பாவைப் பறிகொடுத்த பெண்ணைப் பற்றியது. கல்யாண வரவேற்பில் தைரியமாகப் பாடலாம், அவ்வளவு களிப்பு அதில். எபிசோடில் அந்தப் பழைய பல்லவியை அப்படியே பாடிக் காட்டினார். பிறகு அந்தர காந்தாரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதைவிடச் சற்றுத் தாழ்ந்த சுரமான சாதாரண காந்தாரத்தை வைத்து, அதே வரியை அதே தாளத்தில் பாடினார். மோகனம் சிவரஞ்சனி ஆகிவிட்டது. மாறியது ஒரே ஒரு சுரம். ராகத்தின் பெயர்கூடத் தெரியாதவர்களும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டதாக எழுதினார்கள். அவர் விளக்கம் சொன்னதெல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் இருக்கும். மீதி பாடிக் காட்டியதுதான்.

ஆகவே போனில் முணுமுணுத்து வைத்த முதல் பதிவை அழிக்காதீர்கள். அடித்துத் திருத்திய வரிகள், வேண்டாம் என்று தூக்கிப்போட்ட இடையிசை, தனித் தபேலா டிராக் என எல்லாமே சரக்குதான். 'பேசத் தெரியாது' என்பவர்கள் கையில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். பேச்சு தானாக வரும்.

பெரிய ஆளுங்களப் பேட்டி எடுத்தா வ்யூஸ் வரும்ல?

வரும். அந்த ஆளுக்காக வருவார்கள், அவர் பேசி முடித்ததும் போய்விடுவார்கள். அதுவுமில்லாமல் தேதி கேட்டுத் தொங்குவதிலேயே உங்கள் உற்சாகம் வடிந்துவிடும். பேட்டி எடுப்பது தனி வேலை, அதில் ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். உங்கள் பாட்டுக்கு நேயர் சேர்க்கும் வேலையோடு அதைக் குழப்ப வேண்டாம்.

விருந்தினர் வேண்டும் என்றால் பாட்டோடு சம்பந்தப்பட்டவர்களைக் கூப்பிடுங்கள். மிருதங்கம் வாசித்தவர், மிக்ஸிங் செய்தவர், வரி எழுதிய நண்பர். 'நீ கேட்ட நடை எனக்குப் பிடிக்கவே இல்லை, அதான் மாத்திட்டேன்' என்று ஒரு மிருதங்கக்காரர் மைக் முன்னாலேயே சொன்னார். அப்படியொரு இடம் எந்தப் பிரபலத்தின் பேட்டியிலும் கிடைக்காது.

பெங்களூர்ல இருக்கோம். தமிழ்லயா, இங்கிலீஷ்லயா, கன்னடத்துலயா?

எந்த மொழியில் பாடுகிறீர்களோ அதில் பேசுங்கள். பெங்களூர்த் தமிழில் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து வரும், வரட்டும். சிவாஜிநகரில் வளர்ந்தவர் மதுரைக்காரர் போலப் பேச முயன்றால் கேட்க எரிச்சலாக இருக்கும். கேட்பவர்கள் பெங்களூரில் மட்டும் இல்லை. கோயம்புத்தூரில், கோலாலம்பூரில், டொரண்டோவில் எல்லாம் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த ஊர்ப் பேச்சே ஒரு சுவாரசியம்.

கன்னடம் பேசும் விருந்தினர் வந்தால் கன்னடத்திலேயே பேசவிட்டு, நடுநடுவே சாரத்தை நீங்கள் தமிழில் சொல்லிவிடலாம். நிகழ்ச்சியின் பெயரைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் சேர்த்துப் போடுங்கள். நம் ஆட்கள் தமிழ்ப் பாட்டைக்கூட ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள்.

மைக்குக்கு எவ்வளவு செலவு பண்ணணும்? வீட்டுல ஸ்டூடியோ கட்டணுமா?

மேடையில் பாடுகிறவர்களிடம் பெரும்பாலும் ஷூர் எஸ்எம்58 மைக் ஏற்கெனவே இருக்கும். 1966லிருந்து மேடைகளில் புழங்குகிற மைக் அது. பேச்சுக்கு அதுவே போதும். அது டைனமிக் வகை என்பதால் வாய்க்கு அருகே உள்ள சத்தத்தைத்தான் முக்கியமாக எடுக்கும். விலை உயர்ந்த கண்டென்சர் மைக்கை வாங்கி வந்து வீட்டில் வைத்தால் பக்கத்து மனையில் டைல்ஸ் அறுப்பது, தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுப்பது, மூன்றாவது மாடி குக்கர் விசில் எல்லாம் துல்லியமாகப் பதிவாகும். கேபிள், ஸ்டாண்ட், பாப் ஃபில்டர் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு நடை நடந்தால் போதும்.

அறைக்குத் துணி அலமாரிதான் நம் ஊர் ஸ்டூடியோ. கதவைத் திறந்து, தொங்கும் துணிகளைப் பார்த்தபடி பேசுங்கள், எதிரொலி அடங்கிவிடும். சென்னை நண்பர்களுக்கு இல்லாத ஒரு சலுகை நமக்கு உண்டு. வருடத்தில் பாதி நாள் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார முடியும்.

பேச்சு மெதுவாக் கேக்குது, பாட்டு வந்தா காது கிழியுது. என்ன பண்ண?

நம்மிடம் வரும் புகார்களில் முதல் இடம் இதற்குத்தான். மாஸ்டர் செய்த பாட்டு ஏற்கெனவே நன்றாக அழுத்தப்பட்டு உரக்க இருக்கும், உங்கள் பேச்சு அப்படி இருக்காது. முதலில் பேச்சைச் சமன்படுத்துங்கள். பிறகு பாட்டை அதற்கு ஏற்றபடி இறக்குங்கள், பேச்சைப் பாட்டுக்கு ஏற்ற வேண்டாம். மொத்த எபிசோடும் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அளவு) சுற்றி இருக்கட்டும். ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு அது. இலவச எடிட்டிங் மென்பொருளான ஆடாசிட்டியிலேயே இந்த அளவைக் கொடுத்துச் சமப்படுத்தலாம்.

எம்பி3 ஆக மாற்றும்போது வெறும் பேச்சு நிகழ்ச்சிக்காரர்கள் சொல்லும் குறைந்த பிட்ரேட்டை (நொடிக்கு எவ்வளவு ஒலித்தகவல் என்ற அளவு) எடுக்காதீர்கள். தம்புராவும் ஜால்ராவும் அதில் கரகரக்கும். 192 கேபிபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கும் பொத்தானைப் பேச்சு டிராக்கில் மட்டும் அளவாகப் போடுங்கள். இசையில் போட்டால் தம்புராவின் கார்வையை இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும்.

எத்தனை நிமிஷம் இருக்கணும்? வாராவாரம் போடணுமா?

பதினைந்திலிருந்து இருபத்தைந்து நிமிடம். வாராவாரம் என்று வாக்குக் கொடுத்தால் ஐந்தாவது வாரம் உங்களுக்குப் பாட்டே மறந்துவிடும். ஆறு எபிசோடு கொண்ட ஒரு சீசன் போடுங்கள், ஆறையும் பதிவு செய்து கையில் வைத்துக்கொண்டு பிறகு வெளியிட ஆரம்பியுங்கள். சீசனை ஆல்பம் வெளியீட்டுக்கோ கச்சேரி நாட்களுக்கோ முன்பாக வையுங்கள். கர்நாடக இசை சார்ந்தவர்களுக்கு மார்கழி மட்டும்தான் சீசன் என்றில்லை. இங்கே ராமநவமியை ஒட்டி சாமராஜ்பேட்டை கோட்டை மைதானத்துக் கச்சேரிகளும் ஊரெங்கும் நடக்கிற மற்றக் கச்சேரிகளும் வாரக்கணக்கில் போகும். காதுகள் தயாராக இருக்கும் காலம் அது.

வீடியோவும் எடுக்கணுமா?

முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அட்டைப்படத்தை மட்டும் வைத்து யூடியூபில் ஏற்றி, அந்த பிளேலிஸ்ட்டைப் பாட்காஸ்ட் என்று குறித்துவிடலாம். கேமரா வைத்ததும் பலர் அலமாரிக்குள் பேசிய அந்தச் சகஜத்தை இழந்துவிடுகிறார்கள். வாத்தியத்தில் விரல் போகும் இடத்தைக் காட்ட வேண்டுமென்றால் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் தனியாக எடுத்து ரீல்ஸில் போடுங்கள்.

என் பாட்டையே என் பாட்காஸ்ட்ல போட்டா காப்பிரைட் வருமா?

வரும், வந்திருக்கிறது. பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும் விநியோகஸ்தரிடம் கன்டென்ட் ஐடி (யூடியூபில் உங்கள் பாட்டு எங்கே ஒலித்தாலும் தானாகக் கண்டுபிடிப்பது) வசதியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். யூடியூபின் எந்திரத்துக்கு நீங்கள்தான் அந்தப் பாடகர் என்று தெரியாது. எபிசோடில் பாட்டு ஒலித்ததும் உங்கள் மேலேயே உரிமைகோரல் விழும். விநியோகஸ்தரிடம் உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். எபிசோடு போடும் முன்பே செய்துவிட்டால் தலைவலி இல்லை.

அடுத்தது, 'என் பாட்டு' என்பது எவ்வளவு தூரம் உங்களுடையது என்று பாருங்கள். வரி எழுதியவர் வேறு, பதிவுக்குக் காசு போட்ட நிறுவனம் வேறு என்றால் அவர்கள் சம்மதமும் வேண்டும். நீங்கள் ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் சங்கம்) உறுப்பினர் என்றால் எந்த உரிமைகளை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள் என்று உறுப்பினர் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். தனி டிராக்கைப் பிரித்துப் போடும்போது வாசித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பது சட்டத்துக்கு மட்டும் இல்லை, மரியாதைக்கும்தான். வாட்ஸாப்பில் 'சரி, போட்டுக்கோ' என்று ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டு 30 செகண்ட் வரைக்கும் போடலாம்னு சொல்றாங்களே?

அப்படி ஒரு விதியே இல்லை. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனம், திறனாய்வு போன்ற காரணங்களுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. அதில் நொடிக் கணக்கு எதுவும் கிடையாது. ஒரு பாட்டின் இசையமைப்பை அலசுவதற்காகத் துளி போடுவது வேறு, எபிசோடின் ஆரம்ப இசையாக அதையே போடுவது வேறு. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் எந்திரம் கேட்காமல் எபிசோடைத் தூக்கிவிடும். 'நானே பாடிப் போடுறேன்' என்றாலும் மெட்டும் வரியும் இன்னொருவருடையவைதான்.

கீர்த்தனைகளுக்கு வேறு கணக்கு. நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளோடு அதற்குப் பிறகு 60 வருடம். தியாகராஜர் மறைந்தது 1847ல், ஆகவே நீங்கள் பாடினால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பாரதியார் பாடல்களை அரசு 1949லேயே வாங்கி, பிறகு பொதுச்சொத்தாக்கிவிட்டது. பாபநாசம் சிவன் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அவர் மறைந்தது 1973ல். கணக்குப்படி 2033 முடியும்வரை அவர் கிருதிகளுக்கு உரிமை உண்டு. இன்னொன்று: கிருதி பொதுச்சொத்து என்பதால் அதை ஒரு வித்வான் பாடிய பதிவும் பொதுச்சொத்து ஆகிவிடாது. பதிவுக்குத் தனியாக, வெளியானதிலிருந்து 60 வருட உரிமை இருக்கிறது.

டவுன்லோடு 40தான் காட்டுது. யாரும் கேக்கலையா?

நாற்பது பேர் கேட்கிறார்கள். பாய் விரித்து உங்கள் வீட்டு ஹாலில் உட்காரவைத்துப் பாருங்கள், இடம் போதாது. ரீல்ஸ் எண்ணிக்கையோடு இதை ஒப்பிடுவதுதான் மனக்கஷ்டத்துக்குக் காரணம். இரண்டாவது கேள்வியில் சொன்ன வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்காஸ்ட் துறையின் பொது வழிகாட்டுதல்படி, குறைந்தது ஒரு நிமிட அளவு ஒலி இறங்கினால்தான் அது ஒரு டவுன்லோடு. விரல் பட்டு ஓடியதெல்லாம் கணக்கில் வராது.

எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்த நிமிடத்தில் ஆட்கள் இறங்கிப் போகிறார்கள் என்று பாருங்கள். ஸ்பாட்டிஃபையும் ஆப்பிளும் அந்த வரைபடத்தைக் காட்டும். முதல் இரண்டு நிமிடத்தில் சரிந்தால் 'வணக்கம், வந்தனம்' நீண்டுவிட்டது என்று பொருள். பாட்டின் ஒரு துளியோடு ஆரம்பியுங்கள், வணக்கம் அப்புறம் சொல்லலாம்.

கேட்டுட்டுப் போறவங்கள எப்படி நம்ம ஆளா மாத்துறது?

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பாட்டைவிட, பாட்டுக்கு முன்னால் வாசிக்கும் பெயர்ப் பட்டியலுக்காகக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர். நேயர் பெயரும் ஊர்ப் பெயரும் வானொலியில் வந்தால் தெருவே பேசும். அதையே செய்யுங்கள். ஒவ்வொரு எபிசோடின் கடைசியிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த வரிக்கு இரண்டு முடிவு வைத்திருக்கிறேன், எது சரி?' பதிலை வாட்ஸாப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லி, அடுத்த எபிசோடில் அவர்கள் குரலிலேயே போடுங்கள்.

கோலார் தங்கவயலில் பிறந்து இங்கே வேலை செய்யும் ஒரு தம்பி சுரங்கக் குடியிருப்பைப் பற்றிப் பாட்டு எழுதியிருந்தான். சுரங்கம் 2001ல் மூடிய பிறகு வேலைக்காக தினமும் ரயிலேறி பெங்களூர் வந்துபோகும் வாழ்க்கை அதில் வரும். அந்த எபிசோடைக் கேட்ட ஒருவர் தங்கவயல் பக்கத்து மாரிக்குப்பத்திலிருந்து வரும் காலை ரயிலில் உட்கார்ந்தபடியே குரல் பதிவு அனுப்பினார். அவர் பேச்சுக்குப் பின்னால் சக்கரச் சத்தமும், 'நகருப்பா' என்று யாரோ அதட்டுவதும் கேட்டன. தம்பி அனுமதி வாங்கி அந்தச் சத்தத்தைப் பாட்டின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டான். அனுப்பியவர் தம்பியின் அல்சூர்க் கச்சேரிக்குத் தன் ரயில் பெட்டியில் வருகிற ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

செயலியில் பின்தொடர்கிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். மின்னஞ்சலோ போன் எண்ணோ வாங்குகிற வழி ஒன்று இருக்கட்டும். வாட்ஸாப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஆகவே 'நம்பரை சேவ் பண்ணிக்கோங்க' என்று எபிசோடிலேயே சொல்லுங்கள்.

இதுல காசு வருமா?

விளம்பரக் காசை எதிர்பார்க்காதீர்கள், 40 டவுன்லோடுக்கு யாரும் விளம்பரம் தரமாட்டார்கள். காசு சுற்றிவளைத்துத்தான் வரும். கச்சேரி டிக்கெட்டை நேயர்களுக்கு இரண்டு நாள் முன்னால் திறந்துவிடுங்கள். எபிசோடுக் குறிப்பில் யூபிஐ ஐடி போடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, கச்சேரி வாசலில் உண்டியல் வைப்பதில்லையா? ஆல்பத்தை, கலைஞர்கள் நேரடியாக இசை விற்கும் தளமான பேண்ட்கேம்பில் வைத்தால் டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், சட்டை, சிடி போன்ற பொருள்களில் 10 சதவீதம். பணம் கட்டுவதற்கான செலவு தனி.

வீட்டுக் கச்சேரி இந்த ஊரில் நன்றாகவே எடுபடுகிறது. பெரிய அடுக்குமாடிகளில் இருக்கும் கிளப் ஹவுஸில் அறுபது பேர் உட்காரலாம். அங்கே அழைக்கிறவர் பெரும்பாலும் உங்கள் பாட்காஸ்ட்டைக் கேட்ட அந்த நாற்பது பேரில் ஒருவராகத்தான் இருப்பார்.

நடுவுல ஆறு மாசம் விட்டுட்டேன். ஹோஸ்டிங்கும் மாத்தணும். எல்லாரும் போயிருப்பாங்களா?

பின்தொடர்ந்தவர்கள் செயலியை அழித்திருந்தால் ஒழிய, உங்கள் ஃபீட் அவர்கள் போனில் அப்படியே இருக்கும். புது எபிசோடு போட்டால் போய்ச் சேரும். ஏன் வரவில்லை என்று ஐந்து நிமிடம் விளக்கம் சொல்ல வேண்டாம், நேராகப் பாட்டுக்கு வாருங்கள்.

ஹோஸ்டிங் மாற்றுவதில்தான் கவனம் வேண்டும். புதுத் தளத்தில் பழைய ஃபீடைக் கொடுத்து எபிசோடுகளை இறக்குமதி செய்த பிறகு, பழைய தளத்தில் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருவதைப் புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) போடச் சொல்லுங்கள். அப்போதுதான் செயலிகள் புது முகவரியைத் தெரிந்துகொள்ளும். அது உறுதியாகும்வரை பழைய கணக்கை மூடாதீர்கள். ஃபீடில் இருக்கும் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எடிட் செய்து கொடுத்த நண்பருடைய மின்னஞ்சலில் பதிந்துவிட்டு, அவர் வெளிநாடு போனபிறகு உறுதிப்படுத்தும் எண் கேட்டு ராத்திரி இரண்டு மணிக்கு அவரை எழுப்புகிறவர்கள் இங்கே ஏராளம்.